ஓனர் மாறினால் பெயரும் மாறும்! – இந்திய கேம் ஸ்டூடியோக்கள் கரைந்த கதை

மானிட்டரில் ஓர் எண்ணெய் பீப்பாய் மெதுவாகச் சுழல்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கிய பழைய பீப்பாய். விளிம்பைச் சுற்றித் துரு.

“துரு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பிடிக்காதுண்ணா. தண்ணி எங்க தேங்குமோ அங்கதான் முதல்ல பிடிக்கும். அதான் மேல் விளிம்புல மட்டும் அடர்த்தியா வச்சிருக்கேன். அங்கேருந்து கோடு கோடா கீழ இறங்குது பாருங்க” என்கிறார் அந்த இளைஞர்.

வேளச்சேரி நூறடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில், மூன்று நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு அது. ஹாலில் கட்டில் கிடக்க வேண்டிய இடத்தில் மேசையும் கம்ப்யூட்டரும். வீடியோ கேம்களுக்குள் வரும் பொருட்களைச் செய்து கொடுப்பது அவர் தொழில். இந்த ஒரு பீப்பாய்க்கு ஒன்பது நாட்கள் ஆகியிருக்கின்றன. பக்கத்திலிருக்கும் காயலான் கடைக்குப் போய், நிஜ பீப்பாய்களை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வந்து செய்திருக்கிறார். கேம் ஆடுகிறவர் இதை இரண்டு விநாடியில் ஓடிக் கடந்துவிடுவார். எந்த கேம் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதற்கு முன் அவர் பெங்களூருவில், முப்பது பேர் கொண்ட ஒரு சின்ன ஸ்டூடியோவில் இருந்தார். அதை வாங்கிய வெளிநாட்டு நிறுவனம் நொடித்துப்போனது. வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் இல்லை. இரண்டு பைகளோடு சென்னைக்கு ரயிலேறினார்.

“வேலையைச் சொன்ன தேதியில முடிச்சுக் கொடுத்துட்டுதான் இருந்தோம். கிளையன்ட்டும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. நாங்க என்ன தப்பு பண்ணோம்னு இன்னிக்கு வரைக்கும் புரியலண்ணா.”

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. உலகம் முழுக்க கேம் தயாரிப்பில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. அதற்கான பதில், பெங்களூருவில் பிறந்து வளர்ந்து பெயர் மறைந்த ஒரு ஸ்டூடியோவின் வரலாற்றில் இருக்கிறது.

துருவா என்றொரு நட்சத்திரம்

1997-ம் ஆண்டு. இன்டர்நெட் என்றால் டெலிபோன் லைனில் கீச்சுச் சத்தத்தோடு வரும் காலம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அப்போது பெங்களூருவில் ராஜேஷ் ராவ் என்ற இளைஞர் ‘துருவா இன்டராக்டிவ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இந்திய கேம் தயாரிப்புத் துறையின் முன்னோடி என்று இன்றும் குறிப்பிடப்படும் ஸ்டூடியோ அது. திசை தெரியாதவர்களுக்கு வடக்கைக் காட்டும் நட்சத்திரத்தின் பெயர்.

பின்பற்ற இங்கே ஒரு முன்மாதிரி இல்லை. கேம் செய்யக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி இல்லை. கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளருக்கு இந்தத் தொழில் என்னவென்றே விளங்காது. அந்த நிலையில் பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்திடமிருந்து ‘மிஷன் இம்பாசிபிள்’ கேமின் கம்ப்யூட்டர் வடிவத்துக்கான வேலையைத் துருவா பெற்றது. ஹாலிவுட் படத்தின் பெயர் தாங்கிய கேமுக்கு இந்தியாவில் வேலை நடக்கிறது என்பதே அப்போது பெரிய செய்தி.

அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃப்ரீட்மேன் 2005-ல் எழுதிய ‘தி வேர்ல்ட் இஸ் ஃபிளாட்’ புத்தகத்தில் ராஜேஷ் ராவ் வருகிறார். மொபைல் கேம்களில் சார்லி சாப்ளினின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் துருவா வாங்கியதை அந்தப் புத்தகம் பதிவுசெய்திருக்கிறது. அந்தத் தகவலை நான் முக்கியமாக நினைக்கிறேன். அடுத்தவருக்குக் கூலி வேலை செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம், தன் கையில் ஓர் உரிமைப் பத்திரம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறது. அந்த ஆசைதான் இந்தக் கதையின் உயிர்.

ஆனாலும் சோறு போட்டது கூலி வேலைதான். மைக்ரோசாஃப்ட்டின் கார் பந்தய கேமான ‘ஃபோர்ஸா’ உள்ளிட்ட பல பெரிய கேம்களுக்குத் துருவாவின் கலைஞர்கள் உழைத்தார்கள். ஊழியர் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது.

ஒரு கார், ஆயிரம் திருத்தம்

பந்தய கேமில் ஒரு கார் ஓடுகிறதென்றால், அது எப்படி உருவாகிறது?

முதலில் நிஜக் காரின் நூற்றுக்கணக்கான போட்டோக்களும் அளவுகளும் வந்து சேரும். அவற்றை வைத்து, சின்னச்சின்ன முக்கோணங்களை ஒட்டவைத்துக் காரின் உடம்பைக் கட்டுவார்கள். பானெட்டின் வளைவில் ஒளி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு முக்கோணம் பிசகினால்கூட அங்கே பள்ளம் விழுந்ததுபோல் தெரியும். பிறகு உள்ளே: ஸ்டீயரிங்கின் தையல், ஸ்பீடாமீட்டரின் எண்கள், சீட்டின் தோல் மடிப்பு. அடுத்து, அதே காரைக் குறைந்த முக்கோணங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தூரத்தில் போகும் காருக்கு அத்தனை விவரம் தேவையில்லை. விவரத்தைக் குறைக்காவிட்டால் கேம் திணறும். இவ்வளவும் முடித்து அனுப்பினால், கடல் கடந்து பதில் வரும்: ‘ஹெட்லைட் கண்ணாடி கொஞ்சம் தடிமனாகத் தெரிகிறது.’ மறுபடியும் உட்கார வேண்டும்.

இதற்குச் சம்பளம், இத்தனை ஆள் இத்தனை மாதம் என்ற கணக்கில் வரும். கேம் ஒரு கோடி பிரதி விற்றாலும் அதே பணம்; விற்காவிட்டாலும் அதே பணம். பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால், அந்தக் கார் செய்தவருடையது அல்ல. கேமும் அவருடையது அல்ல. நாற்று நட்டவருக்குக் கூலி உண்டு, விளைச்சலில் பங்கு கிடையாது என்பதுபோலத்தான்.

ஸ்டாக்ஹோமில் விழுந்த அடி

2016 டிசம்பரில், ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இயங்கும் ஸ்டார்ப்ரீஸ் நிறுவனம் துருவாவின் 90.5 சதவிகிதப் பங்குகளை 85 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வங்கிக் கொள்ளையை மையமாகக் கொண்ட ‘பேடே 2’ கேமின் வெற்றியில் வளர்ந்த நிறுவனம் ஸ்டார்ப்ரீஸ். தங்களுக்கும் வேலை செய்யும், வெளி நிறுவனங்களுக்கும் வேலை செய்து வருமானம் ஈட்டும் என்பதால் துருவா அவர்களுக்குப் பிடித்திருந்தது.

பேடே 2 கொடுத்த தெம்பில் ஸ்டார்ப்ரீஸ் ஒரே நேரத்தில் பல அடுப்புகளில் உலை வைத்தது. தலையில் மாட்டும் விர்ச்சுவல் ரியாலிட்டி கருவியில் பணம் போட்டது. மற்றவர்களின் கேம்களை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. விலை கொடுத்து வாங்கிய ‘வல்ஹல்லா’ என்ற மென்பொருளில் ‘தி வாக்கிங் டெட்’ கேமைக் கட்டத் தொடங்கியது. அது சரிவராமல் பாதி வழியில் வேறொரு மென்பொருளுக்கு மாறியது. அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பிய பிறகு, வீட்டை இடித்து வேறு இடத்தில் கட்டுவதற்குச் சமம் அது.

2018 நவம்பர் 6-ம் தேதி அந்த கேம் வெளியானது. எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 3-ம் தேதி, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நிறுவனச் சீரமைப்புக்காக ஸ்டார்ப்ரீஸ் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து வெளியேறினார். 2019 பிப்ரவரியில், ‘வாக்கிங் டெட்’ பெயரின் உரிமையை வைத்திருந்தவர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். கேம் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது.

கையில் காசில்லாத ஸ்டார்ப்ரீஸ், எதை விற்றால் உடனே பணம் வரும் என்று பார்த்தது. 2019 மே மாதத்தில், துருவாவில் தன்னிடமிருந்த 91.82 சதவிகிதப் பங்குகளை அமெரிக்காவின் ராக்ஸ்டார் நிறுவனத்துக்கு 79 லட்சம் டாலருக்கு விற்பதாக அறிவித்தது. முன்பு வாங்கியதைவிடச் சற்றே அதிகப் பங்கு, ஆனால் குறைந்த விலை. அவசரத்துக்கு விற்கிறவரின் நிலைமை எங்கேயும் அதுதான்.

நம் வீடுகளில் பணக்கஷ்டம் வந்தால் அடகுக் கடைக்கு முதலில் போவது எது? சுத்தத் தங்கம்தான். கவரிங் நகை பீரோவிலேயே இருக்கும். துருவா விற்கப்பட்டதற்குக் காரணம் அது மோசமான ஸ்டூடியோ என்பதல்ல. நல்ல ஸ்டூடியோ என்பதுதான். ஒழுங்காக வேலை செய்யும், கையில் ஆர்டர் இருக்கும், கேட்ட மறுநாளே வாங்க ஆள் இருக்கும். ஸ்டாக்ஹோமில் எடுத்த தவறான முடிவுகளில் பெங்களூருவின் கலைஞர்களுக்குப் பங்கில்லை. விலை கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ராக்ஸ்டார் துருவாவை மூடவில்லை. ஏற்கெனவே பெங்களூருவில் தனக்கிருந்த ‘ராக்ஸ்டார் இந்தியா’வோடு இணைத்துக்கொண்டது. 20 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்ற ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ கேமைச் செய்த நிறுவனத்தில் வேலை என்பது பல கலைஞர்களுக்குக் கனவு. சம்பளம், வசதி, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எல்லாம் அங்கே உண்டு. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘துருவா’ என்ற பெயர் போய்விட்டது. 22 ஆண்டுகளாக, இந்தியாவிலிருந்து ஒரு நாள் நமக்கென்று ஒரு பெரிய கேம் வரும் என்ற நம்பிக்கையைச் சுமந்த பெயர் அது. அந்த நம்பிக்கையை விற்பனைப் பத்திரத்தில் எந்த வரியிலும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கு விலை போட யாருக்கும் தெரியாது.

மும்பையிலும் அதே கதை

1999-ல் மும்பையில் விஷால் கோண்டல் தொடங்கிய ‘இந்தியாகேம்ஸ்’, பட்டன் போன் காலத்தில் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பெயர். கிரிக்கெட் கேம், புதுப்படத்தின் கேம் என்று நம் ஊர் ரசனைக்கு அவர்கள் செய்து தள்ளினார்கள். 2007-ல் அது யு.டி.வி. கைக்குப் போனது. அடுத்து டிஸ்னியின் கைக்குப் போனது. 2013-ல் கோண்டல் வெளியேறினார். ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ படத்துக்கு கேம் செய்தது வரை நினைவிருக்கிறது. அதன்பிறகு சில ஆண்டுகளில் அந்தப் பெயர் காணாமல் போனது.

டிஸ்னிக்கு கேம் என்பது பல வியாபாரங்களில் ஒன்று. தலைமையகத்தில் யாராவது ‘இனி நாமே கேம் செய்ய வேண்டாம், உரிமையை மட்டும் வாடகைக்கு விடலாம்’ என்று முடிவெடுத்தால், எங்கோ ஒரு நகரத்தில் விளக்கு அணையும். அப்படித்தான் 2016 மே மாதம் ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’ கேமை நிறுத்தி, அதைச் செய்த அமெரிக்காவின் அவலாஞ்ச் ஸ்டூடியோவையும் டிஸ்னி மூடியது. அங்கே நடந்த அடுத்த கட்டம்தான் வேளச்சேரி இளைஞரின் கேள்விக்கு நேரடியான பதில். 2017 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் அந்த ஸ்டூடியோவை எடுத்து மறுபடி திறந்தது. அதே பெயரில் இயங்கிய அந்த ஸ்டூடியோ 2023-ல் ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’ கேமை வெளியிட்டது. அந்த ஒரே ஆண்டில் 2.2 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. தேவையில்லை என்று ஓர் ஓனர் கதவை அடைத்த ஸ்டூடியோ அது!

பட்டியல் நீளமானது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிய புல்ஃப்ராக் 2001-ல் கரைந்தது. வெஸ்ட்வுட் 2003-ல் மூடப்பட்டது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட், ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டாங்கோவின் ‘ஹை-ஃபை ரஷ்’ விருதுகளை வாங்கிக் குவித்திருந்தது. 2025 பிப்ரவரியில் பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூருவிலும் மும்பையிலுமாக ஏறத்தாழ 3,000 கலைஞர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கிராஃபிக்ஸ், அனிமேஷன், கேம் என்று எல்லாத் துறைக் கலைஞர்களும் அதில் உண்டு.

ஏன் இப்படி நடக்கிறது?

ஒரு ஸ்டூடியோவை வாங்கும்போது பெரிய நிறுவனம் ஆசையோடுதான் வாங்குகிறது. ‘உங்கள் சுதந்திரத்தில் தலையிட மாட்டோம்’ என்ற வாக்குறுதியும் பெரும்பாலும் உண்மையாகவே சொல்லப்படுகிறது. சிக்கல் கணக்கில் வருகிறது. ஒரு பெரிய கேம் செய்ய நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்ட வேண்டும். நெல் விதைத்தவரிடம் கீரை பறிக்கும் கணக்கில் வந்து நின்றால் என்ன ஆகும்? வயலை விற்கத்தான் தோன்றும்.

அடுத்தது, கேமின் உரிமை. தனக்கென ஒரு கேமும் அதன் பெயரும் கையில் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. அது இல்லாத ஸ்டூடியோவிடம் இருப்பது திறமையான கைகள் மட்டுமே. கைகளை இங்கிருந்து அங்கே மாற்றலாம், குறைக்கலாம், மலிவாக வேறு நாட்டில் தேடலாம். இந்தியாவின் கேம் தயாரிப்பில் பெரும்பகுதி இன்னும் அந்தக் கைகளின் உழைப்பில்தான் ஓடுகிறது.

இதை வேளச்சேரிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஐ.டி. வேலைக்காக வந்து, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறியவர்கள் நிறைந்த பகுதி இது. சுவரில் ஆணி அடிக்காமல், ஐந்தாம் தேதிக்குள் வாடகை போட்டு, வீட்டைக் கண்ணாடிபோல் வைத்திருப்பார்கள். ஓனரின் வீட்டில் ஒரு கல்யாணமோ கடனோ வந்தால், ‘அடுத்த மாசம் காலி பண்ணிக்கோங்க’ என்ற வார்த்தை வந்துவிடும். குடியிருந்தவர் மேல் எந்தத் தவறும் இருக்காது.

ரம்மி வேறு, கேம் வேறு

தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் இருக்கிறது. ‘கேம் கம்பெனியில் வேலை’ என்று பிள்ளை சொன்னால், பல வீடுகளில் உடனே ஆன்லைன் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. அதற்காகவே தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசும் சட்டம் போட்டுத் தடைசெய்தது.

ஆனால், கேம் தயாரிப்பு என்பது ஓவியம், இசை, கதை, கட்டடக்கலை, கணிதம் எல்லாம் சேர்ந்த கலை. துரு எங்கே பிடிக்கும் என்று ஒன்பது நாள் யோசிக்கிறவரையும் சூதாட்ட ஆப் நடத்துகிறவரையும் ஒரே தராசில் வைப்பது பெரும் அநியாயம். சினிமாவுக்குப் போகிறேன் என்ற பிள்ளைகளை ஒரு காலத்தில் வீட்டைவிட்டுத் துரத்தினோம். பிறகு அவர்களுக்கே பாராட்டு விழா எடுத்தோம். அந்தத் தவறை இன்னொரு முறை செய்ய வேண்டாம்.

ஓர் இட்லிச் சட்டியின் வெற்றி

மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம், கனடாவின் டொரன்டோவில் இருக்கிறது. ‘விசை கேம்ஸ்’ என்ற சின்னஞ்சிறு ஸ்டூடியோ. அபி என்ற தமிழர் முன்னின்று உருவாக்கி, 2023 ஜூலையில் வெளியான அவர்களுடைய கேமின் பெயர் ‘வெண்பா’.

1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. வெண்பா என்ற அம்மா, பாவலன் என்ற அப்பா, கவின் என்ற மகன். அம்மாவின் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்புப் புத்தகம்; பக்கங்கள் கிழிந்து, எழுத்துகள் அழிந்திருக்கின்றன. விடுபட்டதை ஆடுகிறவர்தான் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேரும் என்பதுதான் புதிர். நம் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை! உலகமெங்கும் இட்லியைப் பார்த்தே இராதவர்கள் அந்தத் தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துக் கற்றுக்கொண்டார்கள்.

2024-ல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக கேம் விருதை ‘வெண்பா’வுக்கு வழங்கியது. சுயாதீன கேம்களுக்கான விழாவின் முதன்மை விருதும் அதே ஆண்டு கிடைத்தது. முப்பது பேரோ முந்நூறு பேரோ இல்லாத ஸ்டூடியோ. ஆனால் கதையும் பெயரும் அவர்களுடையவை.

புனேயில் ‘நாடிங் ஹெட்ஸ்’ ஸ்டூடியோ 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’யும் இப்படிச் சொந்தக் கதையில் உருவானதுதான்.

என்ன செய்யலாம்?

இந்தியாவில் அனிமேஷன், கேம் துறைக்கென்று முதலில் தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம், ஆண்டு 2012. பெங்களூரு முன்னே போனதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழக அரசு இந்தத் துறைக்குத் தரும் எந்த உதவியிலும் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்: உருவாகும் கேமின் உரிமை, அதைச் செய்கிற ஸ்டூடியோவிடமே இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கோடு, எத்தனை கேம்கள் நம் பெயரில் வந்தன என்ற கணக்கையும் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும்.

இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது: கூலி வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள், அதில்தான் கை பழகும், வாடகையும் கட்ட முடியும். ஆனால் வாரத்தில் சில மணி நேரமாவது உங்கள் கதைக்கு ஒதுக்குங்கள். யாராவது வாங்க வந்தால் வக்கீலை வைத்து ஒப்பந்தத்தைப் படியுங்கள். எவ்வளவு பணம் என்று பார்க்கும் முன், பெயரும் கேமும் யாரிடம் இருக்கும் என்ற பத்தியைப் பாருங்கள்.

வேளச்சேரி வீட்டிலிருந்து கிளம்பும்போது, அந்த இளைஞர் இன்னொரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். இரவு பத்து மணிக்கு மேல் மூன்று நண்பர்களும் சேர்ந்து செய்துவரும் சொந்த கேம். 2015 டிசம்பர் வெள்ளம், இதே வேளச்சேரித் தெருக்கள், இடுப்பளவுத் தண்ணீர். ஒரு பையன் தன் பாட்டியைப் படகில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். தண்ணீரில் ஒரு பீப்பாய் மிதந்து போகிறது. ஒன்பது நாள் பழகிய கை என்று பார்த்தவுடன் தெரிகிறது.

அவர் கேட்ட கேள்விக்கு அங்கே நின்று சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை, தம்பி. உங்கள் வேலை நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் உங்களுடையதாக இல்லை. இந்தப் படகும் இந்தப் பாட்டியும் உங்களுடையவர்கள். எவ்வளவு விலை சொன்னாலும், இவர்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.